உப்புப் பார்க்கும் பொத்தான்

செங்கல்பட்டில் பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்த அஃப்ஷீன், தனது முப்பதாவது வயதில், ஒரு பொத்தானை வைக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் ஏழு வாரம் திண்டாடினாள். அது கைபேசித் திரையின் ஓரத்தில் விரல்நுனி அளவுக்குத் தெரியும் ஒரு கரண்டிப் படம். அதைத் தொட்டால், திரையில் நிற்கும் சமையற்காரர் தேக்சா என்னும் பெரிய பாத்திரத்திலிருந்து ஒரு சொட்டுக் கஞ்சியை எடுத்து நாக்கில் வைப்பார். உப்பு எவ்வளவு என்பது உடனே ஒரு பச்சைக் கோடாக உயர்ந்து காட்டும். எவருக்கும் பிடித்துப்போகிற, எவரும் குறை சொல்ல முடியாத பொத்தான்தான். ஆனால் அந்தச் சமையற்காரர் நோன்பு வைத்திருப்பவர்.

அஃப்ஷீன் அத்தா என்று அழைக்கும் தகப்பனார் நைனா முகம்மது கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைப்பவர். ரமலான் மாதம் வந்துவிட்டால் வெளி வேலை எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அவருடைய கையில் இருக்கிறது. பள்ளிவாசலின் பக்கவாட்டுச் சந்தில் தகரக் கூரை போட்ட சமையலிடம். அதற்கு நேர் எதிரே ஸ்டான்லியின் இருசக்கர வாகனப் பட்டறை. செய்யூர்ப் பக்கம் பிறர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, பதினைந்து வயதில் ஸ்பேனர் பிடிக்கக் கற்று, சொந்தமாகக் கடை போட்டவர் ஸ்டான்லி. அவருடைய மகன் ஜோயலும் அஃப்ஷீனும் ஒரே டியூஷனில் படித்தவர்கள். ஜோயல் வீட்டுப் பழைய கணினியில்தான் அவள் முதன்முதலாக விளையாடினாள். விளையாடியது கொஞ்சம், விளையாட்டுக்குள் எந்தச் சுவர் வழியாக நடந்து போக முடிகிறது, எந்தக் கதவு பொய்க் கதவு என்று தேடியது அதிகம்.

அந்தக் குணமே அவளுக்குப் பிழைப்பும் ஆயிற்று. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள், பிறர் செய்த விளையாட்டுகளைச் சோதித்துப் பிழை சொல்லும் வேலை பார்த்தாள். குதிரை படியேறும்போது கால் தரைக்குள் புதைகிறதா, மழை கூரைக்குள்ளும் பெய்கிறதா என்று நாள் முழுதும் பார்ப்பாள். அங்கே அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. விளையாடுகிறவர் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார். பேசாமல் எழுந்து போய்விடுவார். எந்த இடத்தில் எழுந்து போனார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு படூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேரோடு ஜெயப்பிரியா என்பவர் தொடங்கிய சிறு நிறுவனத்தில் விளையாட்டுகளை வடிவமைக்கச் சேர்ந்தாள். ஜோயல் அங்கே ஏற்கெனவே நிரல் எழுதிக்கொண்டிருந்தான். 2024 ஜூன் மாதத்தில், ஆளுக்கொரு புது யோசனை கொண்டு வாருங்கள் என்று ஜெயப்பிரியா சொன்னபோது, அஃப்ஷீன் கொண்டுபோனது கஞ்சி. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடுப்பு மூட்ட வேண்டும். மாலையில் அஸர் தொழுகைக்கு முன் இறக்க வேண்டும். தூக்குச் சட்டியோடு சந்தில் வரிசை நிற்கும் முந்நூறு பேருக்கும் பங்கு போக வேண்டும். விளையாட்டுக்கு ‘அஸருக்கு முன்’ என்று பெயர் வைத்தாள். ஜெயப்பிரியாவுக்குப் பெயரே பிடித்துவிட்டது.

முதல் வடிவத்தில் அவள் எதையும் விடவில்லை. அரிசி களைவது, பூண்டு உரிப்பது, விறகு நனைந்திருந்தால் ஊதுவது எல்லாம் இருந்தன. கஞ்சியைக் கிளறுவது மட்டும் பதினொரு நிமிடம். கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும். ஜோயல் ஆறாவது நிமிடத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

“இன்னா அஃப்ஷீன், வேலைக்கு ஆள் எடுக்கிறியா, விளையாட கூப்பிடறியா?”

“நெஜத்துல ரெண்டு மணி நேரம் கிளறணும் தெரியுமா. நான் பதினொரு நிமிஷமா குறைச்சிருக்கேன்.”

“உங்க அத்தாவுக்கு கஞ்சி கெடைக்கும். எனக்கு இன்னா கெடைக்கும், தோள் வலி.”

அவன் சொன்னதில் பிழையில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து குறிப்பேட்டில் பக்கத்துக்கு நடுவே கோடு கிழித்து, இடப்புறம் ‘நடப்பது’ என்றும் வலப்புறம் ‘நடந்ததாகத் தோன்ற வேண்டியது’ என்றும் எழுதத் தொடங்கினாள். பதினொரு நிமிடக் கிளறல் நாற்பது நொடி ஆயிற்று. ஆனால் அந்த நாற்பது நொடிக்குள் கஞ்சி இறுக இறுக விரலுக்குக் கீழே திரை அதிர்ந்து கனத்தது. பூண்டு உரிப்பது போயிற்று. பூண்டு எண்ணெயில் விழும் ஓசை மட்டும் தங்கியது. ஓர் உலகத்துக்குள் ஆளைக் கொண்டுபோய் உட்கார வைக்க, அந்த உலகத்தின் எல்லாச் சாமான்களையும் உள்ளே ஏற்ற வேண்டியதில்லை என்பதை அவள் ஒவ்வொரு வரியாக எழுதி எழுதிப் புரிந்துகொண்டாள். எதை எடுக்கலாம் என்பது எளிது. எதை எடுக்கக் கூடாது என்பதுதான் பிடிபடவில்லை.

உப்புப் பார்க்கும் பொத்தான் இரண்டாம் வடிவத்தில் வந்தது. அவள் அதைப் பற்றி யோசித்து வைத்ததாகக் குறிப்பேட்டில் ஒரு வரியும் இல்லை. அவள் விளையாடிய சமையல் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் அப்படியொரு பொத்தான் இருந்தது; கை தானாக வைத்துவிட்டது. ஒன்பது வயது முதல் நோன்பு வைத்து வருகிறவளுடைய கை. நோன்புக்காரர் ஒரு சொட்டை வாயில் வைக்கிறாரே என்பது அவளுக்கும் உறைக்கவில்லை, சோதித்துப் பார்த்தவர்களுக்கும் உறைக்கவில்லை. விளையாட்டு நன்றாகவே ஓடியது.

2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக் கூடத்தில் நைனா முகம்மது மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மகளின் கைபேசியை வாங்கினார். தேக்சாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “விளிம்புல ஒடுக்கு கூட போட்டுகீறியே,” என்றார். அடுப்பைக் கூட்டினார், குறைத்தார், பாசிப்பருப்பை நேரத்துக்குப் போட்டார். கைபேசியைத் தூரப் பிடித்து, நிஜமாகவே புகை வருகிறாற்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். அப்போது திரையில், ‘ருசி பாருங்கள்’ என்ற வரியோடு கரண்டி மினுங்கியது. தொட்டார். திரையில் இருந்தவர் நாக்கில் வைத்தார்.

நைனா முகம்மது கண்ணாடிக்கு மேலாக மகளைப் பார்த்தார்.

“இவன் நோன்பு இல்லியா?”

“நோன்புதான் அத்தா.”

“அப்ப எப்பிடி வாயில வெச்சான்?”

அஃப்ஷீன் குனிந்து திரையைப் பார்த்தாள்.

“போச்சு. நோன்பு போச்சு,” என்று கைபேசியை அவளிடம் நீட்டினார். “மத்ததெல்லாம் நல்லாகீது.”

அவர் கோபப்படவில்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் அதையும் செய்கிறவர் அல்லர், அவ்வளவுதான். ஆனால் பதினைந்து நிமிடம் அந்தச் சந்துக்குள் நின்றிருந்த மனிதர் ஒரே நொடியில் கூடத்துக்குத் திரும்பி வந்து, மின்விசிறி ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று கேட்கத் தொடங்கியதை அஃப்ஷீன் பார்த்தாள். எந்த இடத்தில் எழுந்து போகிறார் என்று பார்க்கப் பழகிய கண் அது.

அவள் பொத்தானை எடுத்தாள். பிப்ரவரி எட்டாம் தேதி, படூர்க் கல்லூரிகளிலிருந்து வழக்கமாக வந்து விளையாடிப் பார்க்கும் மாணவர்கள் பதினைந்து பேரை உட்கார வைத்தாள். விளையாட்டின் மூன்றாம் நோன்பு முடிவதற்குள் பதினொரு பேர் எழுந்து போய்விட்டார்கள். போனவர்களில் வாய் திறந்து சொன்னவள் சஹானா என்ற ஒரு பெண்தான்.

“அக்கா, கிளறுறது சூப்பரா இருக்கு. ஆனா உப்பு போடறது லாட்டரி மாதிரி இருக்கு. சாயங்காலம் எல்லாரும் மூஞ்சிய சுளிக்கிறாங்க. நான் எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. தெரிஞ்சாதானே நாளைக்கு சரி பண்ண முடியும்?”

தோற்பது பிரச்சினை இல்லை. எதனால் தோற்றோம் என்று தெரியாமல் தோற்பதுதான் சலிப்பு. இதை அஃப்ஷீன் மற்றவர்களுடைய விளையாட்டுகளுக்கு எத்தனையோ முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி பத்தாம் தேதி ஜெயப்பிரியா எல்லோரையும் மேசைக்கு அழைத்தார். மார்ச் இருபதாம் தேதி மாமல்லபுரத்தில் விளையாட்டு தயாரிப்பவர்களின் கூட்டம். பெங்களூரிலிருந்து வெளியீட்டாளர் ஒருவர் வருகிறார்; ஒவ்வொரு விளையாட்டுக்கும் பத்து நிமிடம் கொடுப்பார்.

“பொத்தானைத் திரும்ப வை, அஃப்ஷீன்.”

“அது பொய், அக்கா.”

“பத்து பேர் விளையாடினா எட்டு பேருக்கு நோன்புன்னா என்னன்னே தெரியாது. யாருக்குப் பொய்?”

“அந்த எட்டு பேரும், நோன்பு வச்சவங்க ருசி பார்ப்பாங்கன்னு நெனச்சிக்கிட்டுப் போவாங்க.”

ஜோயல் குறுக்கே வந்தான். “அப்ப நோன்பையே எடுத்துடலாம். பேசாம சூப்பு கடைன்னு வெச்சிட்டா எல்லா பேஜாரும் தீந்துது.”

அஃப்ஷீன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

ஜெயப்பிரியா குரலை உயர்த்துகிறவர் இல்லை. “நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா உள்ளே வந்தவங்க பத்து நிமிஷம்கூட உட்காரலைன்னா, உண்மையை யாருக்குக் காட்டப் போறே? மார்ச் பதினாலு வரைக்கும் டைம். பொத்தான் இல்லாம உப்பு தெரியற மாதிரி ஒரு வழி கொண்டு வா. இல்லைன்னா பொத்தான் வரும். அதுக்கு மேல இதைப் பேச வேண்டாம்.”

அடுத்த மூன்று வாரங்களில் அவள் செய்து பார்த்தவை பல. உப்பு ஏற ஏற ஆவியின் நிறத்தை மாற்றினாள்; உப்புக்கு நிறம் கிடையாது. கொதிக்கும் ஓசையை மாற்றினாள். சஹானா அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. சமையற்காரரின் மனத்தில் ஒரு குரல் கேட்கச் செய்தாள். அது பொத்தானைவிடப் பெரிய பொய்யாக ஒலித்தது. தகப்பனாரிடமே தொலைபேசியில் கேட்டுப் பார்த்தாள். “கை அளவுதான், இன்னாத்த சொல்றது,” என்றார் அவர். விளையாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பது இப்போது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. முந்நூறு பேருக்கு ஆக்குகிறவர், தான் ஆக்கியது என்ன ருசி என்று தெரியாமலேயே ஆக்குகிறார். அந்தத் தெரியாமை இருந்தால் ஆட்டம் ஓடவில்லை. அதை எடுத்துவிட்டால், ஓடுகிற ஆட்டம் அவளுடையது இல்லை.

மார்ச் இரண்டாம் தேதி நோன்பு தொடங்கியது. வார நாள்களில் அவள் படூரிலேயே தங்கி, தோழிகளோடு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தாள். ஏழாம் நோன்பு சனிக்கிழமை வந்தது, வீட்டுக்குப் போனாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் அவளுடைய அம்மா சம்சாத் பேகம் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் ஒரு சிறு தட்டை வைத்தார். தட்டில் தூள் உப்பு.

“இது எதுக்கும்மா?”

“குடிச்சிப் பாரு.”

குடித்தாள். இஞ்சியும் புதினாவும் மணந்தன. உப்பு போதவில்லை.

“மொத நோன்புலேர்ந்து இப்பிடித்தான் கீது,” என்றார் சம்சாத் பேகம். “எதிர்வூட்ல கேட்டேன், அவங்களும் உப்பு போட்டுத்தான் குடிக்கிறாங்களாம். பள்ளிவாசல்ல நோன்பு தொறக்கிறவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

“அத்தா கிட்ட நீ சொல்லலியா?”

“நான் சொன்னா, வூட்லயே ஆரம்பிச்சிட்டாங்கன்னு நெனைப்பாரு. அவரே குடிக்கிறாரு இல்ல, தெரியாமலா கீது.”

தெரியத்தான் செய்தது. தொழுகை முடிந்து வந்த நைனா முகம்மது உப்புத் தட்டைப் பார்த்தும் பாராதது போல உட்கார்ந்தார். “கை போயிட்டா மாரி கீது,” என்று யாரிடமும் சொல்லாமல் சொல்லிவிட்டு, வலக்கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு, பிற்பகல் மூன்றரை மணி. அஃப்ஷீன் சந்துக்குப் போய்ச் சுவரோரம் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். தேக்சாவில் கஞ்சி இறுகிக்கொண்டிருந்தது. முதலில் கொஞ்சம் உப்புப் போட்டிருந்த நைனா முகம்மது மறுபடி உப்பு டப்பாவில் கையை விட்டு, ஒரு கை நிறைய அள்ளி, போடாமல் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஸ்டான்லி.”

“வந்துகினேகீறேன் பாய்.”

ஸ்டான்லி பட்டறையிலிருந்து கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். மற்றொரு கையில் அவருடைய சொந்த எவர்சில்வர் டம்ளர். நைனா முகம்மது ஒரு கரண்டி ஊற்றினார். ஸ்டான்லி ஊதினார், உறிஞ்சினார், மேலே தகரத்தைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் நடப்பது. அஃப்ஷீன் பிறகு நினைத்துப் பார்த்தபோது, இந்தக் காட்சியைத் தன் குறிப்பேட்டில் இரண்டு பக்கத்திலும் தான் எழுதவில்லை என்பது அவளுக்கே நம்ப முடியாமல் இருந்தது. சிறு வயது முதல் பார்த்ததால் அது அவள் கண்ணில் படவே இல்லை. தகப்பனாருக்கும் அது சமையலில் ஒரு பகுதி என்று தோன்றியிருக்கவில்லை. ஸ்டான்லி வருவார், குடிப்பார், சொல்வார்.

“எப்பிடி?”

“கரிக்குது பாய்.”

“நெஜமாவா?”

“நெஜமா. லைட்டா இல்ல, நல்லாவே கரிக்குது. நேத்தைக்கு மாரியே.”

நைனா முகம்மதுவின் கை உப்பு டப்பாவுக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு விரல்கள் விரிந்தன. அள்ளிய உப்பு டப்பாவிலேயே விழுந்தது.

அஃப்ஷீன் சந்தைத் தாண்டித் தெருமுனைக்குப் போய் ஜோயலை அழைத்தாள். “ஸ்டான்லி மாமாவுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா?”

“ஏன், இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. சொல்லு.”

“பிரஷரு. பொங்கலுக்கு அப்பறம் செக் பண்ணாங்க. டாக்டர் உப்பு கம்மி பண்ணுங்கன்னாரு. எங்கம்மா கம்மி எல்லாம் பண்ணல, மொத்தமா நிறுத்திட்டாங்க. போன வாரம் ஒரு துண்டு ஊறுகாய்க்கு வூட்ல பெரிய சண்டை. யார் கிட்டயும் சொல்லாத, அவருக்கு கேவலமா கீதாம்.”

இரண்டு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்ட நாக்குக்கு எதுவும் கரிக்கும். ஸ்டான்லி பொய் சொல்லவில்லை; அவருக்குக் கரிக்கத்தான் செய்கிறது. அத்தாவின் கையும் போகவில்லை. கஞ்சியில் உப்பு எவ்வளவு என்பது கேள்வியே அல்ல. சொல்கிற நாக்கு யாருடையது என்பதுதான் கேள்வி. வீட்டில் ஒரு வாரமாகப் புகைந்தது எதனால் என்று தெரிந்த அதே நொடியில், படூர் மேசையில் கிடந்த சிக்கலும் அவிழ்ந்துவிட்டது.

ஆனால் ஒன்றை அவிழ்ப்பது எளிது, மற்றொன்று எளிதல்ல. அத்தாவிடம் சொல்லிவிட்டால் நாளையே வேறு ஒருவரைக் கூப்பிடுவார். பட்டறையில் யார் வண்டி காத்திருந்தாலும் மூன்றரை மணிக்கு டம்ளரோடு எழுந்து வருகிற மனிதரிடம், இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் ஒரு நாள் தள்ளிப் போட்டாள். பிறகு இன்னொரு நாள்.

திங்கட்கிழமை காலை படூரில் அவளும் ஜோயலும் உட்கார்ந்தார்கள். திரையில் சந்து வழியாக ஐந்து பேர் போய் வந்தார்கள், நோன்பு இல்லாத அக்கம்பக்கத்தார். சமையற்காரர் யாரையாவது கூப்பிட்டு ஒரு கரண்டி கொடுக்கலாம். டீக்கடைக்காரருக்கு நாளெல்லாம் சூடாகக் குடித்து நாக்கு மரத்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் ‘பத்தல’ என்பார். தபால்காரப் பெண்மணிக்கு யார் மனத்தையும் நோகடிக்கத் தெரியாது, எப்போதும் ‘நல்லாருக்கு’. தையற்காரருக்குச் சளி பிடித்த நாளில் ருசியே தெரியாது. பூக்காரம்மா சரியாகச் சொல்வார், ஆனால் நாள்தோறும் வர மாட்டார். ஐந்தாமவர், எதிர்க் கடை மெக்கானிக், எதைக் குடித்தாலும் ‘கரிக்குது’ என்பார்; அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாவில் ‘உப்பு கூடாது’ என்று ஒட்டிய சிறு சீட்டை உற்றுப் பார்க்கிறவருக்கு மட்டும் காரணம் தெரியும்.

“ஏய், இது எங்கப்பா,” என்றான் ஜோயல்.

“மீசைய எடுத்துடறேன்.”

“மீசைய எடுத்தா தெரியாதா? டம்ளரும் அதேதான் கீது.” திரையைப் பெரிதாக்கி அந்த டம்ளரைப் பார்த்தான். “இருக்கட்டும். ஆனா பொய்க்காரன்னு மட்டும் காட்டாத.”

“அவர் பொய்யே சொல்லலியே. அதானே விஷயம்.”

செவ்வாய்க்கிழமை, பத்தாம் நோன்பு. இனியும் தள்ளிப்போட முடியாது என்று அன்று மாலை அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்த எடுப்பில் சம்சாத் பேகம், “இன்னைக்குக் கஞ்சி சரியா கீது,” என்றார்.

“வேற யாராவது உப்பு பார்த்தாங்களா?”

“ஸ்டான்லிதான். எப்பவும் போல. உங்க அத்தா ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.”

எப்படி என்று அஃப்ஷீனுக்குப் புரியவில்லை. ஆனால் அவள் சொல்ல வேண்டியிருந்தது சொல்லப்படாமலேயே முடிந்துபோயிற்று.

மார்ச் பதின்மூன்றாம் தேதி சஹானாவும் மற்றவர்களும் மறுபடி வந்தார்கள். சஹானா விளையாட்டின் முதல் நோன்பில் மெக்கானிக்கை நம்பி, உப்பில்லாக் கஞ்சி கொடுத்து, வரிசையில் நின்ற கிழவர் ஒருவரிடம் திட்டு வாங்கினாள். இரண்டாம் நோன்பில் டீக்கடைக்காரரை நம்பி, குடித்தவர்களையெல்லாம் தண்ணீர்க் குழாய்க்கு ஓட வைத்தாள். அவளே சிரித்துவிட்டாள்.

“இந்த மெக்கானிக் ஃபிராடு அக்கா.”

அஃப்ஷீன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான்காம் நோன்பில் சஹானா திரையைப் பெரிதாக்கிச் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாள். விரல் நின்றது. “ஐயோ, அவருக்கு உப்பு ஆகாதா?” என்றாள், குரல் இறங்கி. அதற்குப் பிறகு அவள் மெக்கானிக்கை விடவில்லை. ஒவ்வொரு நோன்பிலும் அவரையே கூப்பிட்டு, அவர் சொன்னதற்கு மேலே தானாக ஒரு கணக்குப் போட்டு உப்பை அள்ளினாள். பதினைந்து பேரில் இரண்டு பேர்தான் பாதியில் எழுந்தார்கள். அதில் ஒருவனுக்குப் பேருந்து.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெயப்பிரியா, “பொத்தானை யாருமே தேடலையே,” என்றார். அது கேள்வியா முடிவா என்று தெரியாத குரல். சற்றுப் பொறுத்து, “சரி. இப்படியே எடுத்துட்டுப் போ,” என்றார்.

மாமல்லபுரத்துக் கூட்டம் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியின் மண்டபத்தில் நடந்தது. கதவு திறந்தபோதெல்லாம் மணல் உள்ளே வந்து காலடியில் நெறுநெறுத்தது. வெளியீட்டாளரின் பெயர் லக்ஷ்மிநாராயணன், அதிகம் பேசாதவர். விளையாட்டின் முதல் நோன்பில் ஒரு கட்டத்தில் மட்டும் நிமிர்ந்து, “சமையல்காரர் ஏன் அவரே ருசி பார்க்கலை?” என்று கேட்டார்.

“அவர் நோன்பு சார்.”

அவர் அஃப்ஷீனுக்கு முன்னால் தொடாமல் வைத்திருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். பிறகு திரைக்குத் திரும்பி, தையற்காரரைக் கூப்பிட்டார். அவருக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் முடிந்தபோது யாரோ வந்து கடிகாரத்தைக் காட்டினார்கள். அவர் கையசைத்து அனுப்பிவிட்டு நான்காம் நோன்பு வரை விளையாடினார். இருபத்தேழாம் தேதி அவருடைய சம்மதக் கடிதம் வந்தது.

மார்ச் 31, பெருநாள். மதியப் பிரியாணிக்கு ஸ்டான்லியும் ஜோயலும் வந்திருந்தார்கள். கை கழுவிய பிறகு அஃப்ஷீன் கைபேசியைத் தகப்பனாரிடம் நீட்டினாள். நைனா முகம்மது தயங்கி, “அந்தக் கரண்டி கீதா?” என்றார்.

“இல்ல அத்தா.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஸ்டான்லி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அடுப்பு, பருப்பு, கிளறல் எல்லாம் முடிந்து உப்புக் கட்டம் வந்தது. சந்தில் ஆட்கள் போய் வந்தார்கள். நைனா முகம்மது ஒவ்வொருவராகப் பார்த்து, ஒரு நொடி நின்று, எதிர்க் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். திரையில் டம்ளரோடு வந்தவர் ஊதினார், உறிஞ்சினார், ‘கரிக்குது’ என்றார். நைனா முகம்மது ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். பிறகு இன்னொரு கை.

“இன்னா பாய்,” என்றார் ஸ்டான்லி. “அந்த ஆளு கரிக்குதுன்றான், நீ பாட்டுக்கு அள்ளிப் போட்டுகினுகீற?”

“அவன் வூட்ல உப்ப நிறுத்திட்டாங்க, ஸ்டான்லி,” என்றார் நைனா முகம்மது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜோயல் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். அஃப்ஷீன் தகப்பனாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டான்லி திரையில் இருந்த டம்ளரைக் குனிந்து பார்த்தார், பிறகு மகனை, பிறகு நண்பரை.

“எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“பத்தாம் நோன்பு. உன் மேசை மேல மாத்திர அட்டைய பாத்தன். பிரஷருக்கு எங்க மாமா போட்டுகினு இருந்தாரே, அதே மாத்திர.”

“அப்ப வேற யாரையாவது கூப்ட்டு இருக்கலாமில்ல? தினிக்கும் எதுக்கு என்னயே கூப்ட்ட?”

நைனா முகம்மது இப்போதுதான் நிமிர்ந்தார். கேள்வியே அவருக்குப் புதிதாக இருந்ததுபோல் தோன்றியது.

“நீ நல்லா கரிக்குதுன்னா ரெண்டு கை போடணும். லைட்டா கரிக்குதுன்னா மூணு கை. வேற ஒருத்தன் நாக்க புதுசா எங்க போயி படிக்கிறது? நீ வந்து சொல்லாம எனக்கு இன்னா தெரியும்?”

ஸ்டான்லி வாய்க்குள் ஏதோ முனகினார். கைபேசிக்காகக் கையை நீட்டினார். “குடு இப்பிடி. கொஞ்சம் நான் ஆடறன்.”

“மொதல்ல அடுப்ப கூட்டு.”

“தெரியும், தெரியும். எதிர் கடையில இருபத்திரண்டு வருசமா இன்னா பாத்துகினு இருந்தன்.”

அவர் கிளறிய கிளறலில் கஞ்சி லேசாக அடிப்பிடித்தது. நைனா முகம்மது பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். உப்புக் கட்டத்தில் ஸ்டான்லி யாரைக் கூப்பிடுவது என்று வெகுநேரம் யோசித்தார். பூக்காரம்மா கடந்து போனார், விட்டுவிட்டார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், அவரையும் விட்டுவிட்டார். கடைசியில் மெக்கானிக்கைத் தொட்டார். கரிக்குது என்றான் அவன்.

“நல்லா கரிக்குதுன்றானா, லைட்டாவா?” என்று அஃப்ஷீனைக் கேட்டார் ஸ்டான்லி.

“அது அவர் மூஞ்சியப் பாத்து நீங்கதான் சொல்லணும், மாமா.”

ஸ்டான்லி அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மூன்று கை உப்பு போட்டார்.